கோழிக்குப் பார்ப்பா, குஞ்சா?

கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகள் தரம் 5 புலமைப்பரிசிலுக்குப் படிக்கிறாள். ஒரு பயிற்சித்தாளில் பறவையின் இளமைப் பெயர் ‘பார்ப்பு’ என்று இருக்கிறது. வீட்டில் நாங்கள் குஞ்சு என்றுதான் சொல்கிறோம். பரீட்சைக்கு எதை எழுதச் சொல்வது?”

கோழிக்குக் குஞ்சு என்றே எழுதச் சொல்லுங்கள். பார்ப்பும் பிழையில்லை, ஆனால் அது பழைய வழக்கு. வினாவிலேயே ‘பார்ப்பு’ என்று கொடுத்துப் பொருள் கேட்டால் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அந்தச் சொல் வருவது தொல்காப்பியத்தின் ‘மரபியல்’ என்ற பகுதியில். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் 9 அங்கே உண்டு. அவற்றில் பறப்பவைக்கு உரியவை பார்ப்பும் பிள்ளையும். தவழ்பவைக்கும் அதே இரண்டுதான். ஐங்குறுநூற்றில் முதலை தன் பார்ப்பையே தின்கிறது. குளக்கட்டுப் பக்கம் இருக்கிற நாங்கள் அதை முதலைக்குட்டி என்போம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மரபியல் மனிதருக்கு விட்டுக்கொடுப்பது குழவி, மகவு என்ற இரண்டை மட்டும்தான். நீங்கள் மகளை “இஞ்சை வா பிள்ளை” என்று கூப்பிடுகிறீர்களே, கணக்குப்படி அது கிளிக்கும் காகத்துக்கும் உரிய பெயர்! பறவைக் கூட்டில் இருந்த சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கிளிப்பிள்ளையில் மட்டும் பழைய இடம் மிச்சம். தென்னம்பிள்ளைக்கும் அனுமதி அங்கேயே இருக்கிறது: ஓரறிவு உயிருக்கு, அதாவது மரஞ்செடிகளுக்கு, பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று சொல்லலாமாம். ஆனால் எங்கள் வாழைக்குட்டி அந்த வரிசையில் இல்லை.

சரி, குஞ்சு? அந்த 9இல் அது கிடையாது. அதற்காகக் கொச்சை என்று தள்ளிவிட முடியாது. சின்னது என்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். மலையாளத்தில் குஞ்ஞு என்றால் கைக்குழந்தை. எங்கள் பக்கம் குஞ்சியம்மா, குஞ்சியப்பு என்ற உறவுப் பெயர்களிலும் அந்தச் சின்னதுதான் நிற்கிறது. பிராந்து தூக்கிவிடும் என்று கரப்பால் மூடி வைப்பதும் குஞ்சு, மடியில் கிடக்கிற பேரனும் “என்ரை குஞ்சு”. மீனுக்கும் அதே சொல்தான். இவ்வளவு உழைக்கிற சொல்லைப் பரீட்சைத் தாளில் மறைக்கத் தேவையில்லை.

உண்மையில் பிள்ளைகள் புள்ளி இழப்பது எழுத்தில். கோழிகுஞ்சு அல்ல, கோழிக்குஞ்சு. கிளிப்பிள்ளையிலும் காகக்குஞ்சிலும் அப்படியே ஒற்று மிகும், மீன்குஞ்சில் மிகாது. தென்னையோடு பிள்ளை சேரும்போது ‘அம்’ நடுவில் வரும், ஆகவே தென்னம்பிள்ளை. இந்த ஐந்தையும் ஒருநாள் சொல்வதெழுதலாகக் கொடுத்துப் பாருங்கள்.