பொறுப்பேற்கும் முன் நாலு வரி

கேள்வி: ஹூஸ்டனில் மெடிக்கல் வார்டு நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் நைட் டூட்டிக்குப் போனதும் ஐசியுவுக்கு அனுப்பி, வென்டிலேட்டரில் இருந்த இரண்டு பேரைப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு அதில் பயிற்சியே கிடையாது. மறுத்தால் லைசென்ஸ் போய்விடும் என்றார் சார்ஜ் நர்ஸ் (அந்த ஷிப்டுக்குப் பொறுப்பானவர்). விடியும்வரை கை நடுங்கியது. அடுத்த முறை என்ன செய்வது?
— ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: அன்புச் சகோதரி, உங்களை அப்படி மிரட்டியது தப்பு. நீங்கள் இருக்கும் டெக்சஸில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 'சேஃப் ஹார்பர்' என்பார்கள். கொடுத்த வேலை நோயாளிக்கு ஆபத்து என்று பட்டால், நர்ஸ் தன் வேலைக்கும் லைசென்ஸுக்கும் பாதுகாப்பு கேட்கும் முறை அது.

அசைன்மென்டை, அதாவது உங்களுக்கு ஒதுக்கிய வேலையை, ஏற்பதற்கு முன்பே இந்தக் கோரிக்கையை மேலதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஷிப்ட் நடுவில் அசைன்மென்டை மாற்றினால் அப்போதும் கொடுக்கலாம். உங்கள் பெயரும் கையெழுத்தும், தேதியும் நேரமும், எந்த வார்டு, யார் சொன்னார், ஏன் ஆபத்து என்ற விவரங்கள் வேண்டும். "இரவு 7.05, ஐசியு, வென்டிலேட்டரில் இருவர், எனக்குப் பயிற்சி இல்லை" என்கிற அளவில் சுருக்கமாக எழுதினால் போதும். நோயாளிக்கு உடனே கவனிப்பு தேவை, எழுத நேரமில்லை என்றால் வாயால் சொல்லலாம். மேலதிகாரி அதை எழுத, இருவரும் கையெழுத்திட வேண்டும். 2019-ல் வந்த திருத்தம் இது. அப்புறம், டூட்டி முடிந்து கிளம்புமுன் விரிவான மனுவையும் கொடுத்துவிடுங்கள். இதை மறந்துவிடாதீர்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

நல்லெண்ணத்தோடு இப்படிக் கேட்டதற்காக உங்களை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. நர்ஸ்கள் அடங்கிய குழு உங்கள் கோரிக்கையை 14 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும்.

சேஃப் ஹார்பர் கேட்பதும் வேலையை மறுப்பதும் ஒன்றல்ல. பெரும்பாலும் கேட்டுவிட்டு வேலையைச் செய்வார்கள். ஆனால் அடிப்படைத் திறமையே இல்லாத வேலை, அதனால் நோயாளிக்கு ஆபத்து என்றால் மறுக்கலாம். உங்கள் வென்டிலேட்டர் விஷயம் அந்த ரகம்தான் என்பது என் கருத்து. மறுக்கும்போதே காரணத்தையும் சொல்லிவிடுங்கள். சட்டம் அதைக் கேட்கிறது. "வென்டிலேட்டர் தெரிந்தவரோடு சேர்ந்து நான் மருந்து கொடுக்கிறேன், நாடி பார்க்கிறேன்" என்று மாற்றுவழியும் சொல்லுங்கள். எதுவும் சொல்லாமல் வார்டை விட்டு மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அதுதான் உண்மையிலேயே லைசென்ஸுக்கு ஆபத்து.

போன வாரத்து டூட்டிக்கு இனி சேஃப் ஹார்பர் கேட்க முடியாது, வருத்தம்தான். டெக்சஸ் நர்சிங் போர்டின் இணையதளத்தில் படிவம் இருக்கிறது. இன்றைக்கே நாலு பிரதி எடுத்து, ஸ்டெதஸ்கோப் வைக்கும் பையிலேயே வையுங்கள். ராத்திரி ஏழு மணிக்கு பிரின்டரைத் தேடி ஓட முடியாது.