வயிற்றோடு ஒரு வழக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு எனக்கு நிரந்தர ஸ்டோமா: மலம் வெளியேற வயிற்றில் திறந்துவிட்ட குடல் வாய், அதன்மேல் ஒட்டிய ஒரு பை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் வேடிக்கையாகச் சில கவிதைகள் எழுதினேன். மனைவியிடம் ஒன்றைப் படித்துக் காட்டியபோது எழுந்து உள்ளே போய்விட்டாள். இதெல்லாம் கவிதைக்கு ஆகிற விஷயமா? நான்கு கவிதைகளை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ஆகுமா என்ற சந்தேகத்தை ஔவையார் எப்போதோ தீர்த்துவிட்டார். நல்வழியில் ஒரு வெண்பா முழுக்கத் தன் வயிற்றோடு சண்டை. ஒருநாள் சாப்பாட்டை விடு என்றால் விடமாட்டாய், இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்றால் அதுவும் மாட்டாய், உன்னோடு வாழ்வது கஷ்டம் என்கிறார். வயிற்றை நேருக்கு நேர் கூப்பிட்டுத் திட்டுவதுதான் அதன் உயிர். நமக்கோ குடல் வாசலுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. பதிலும் பேசுகிறது.

எனக்கும் பல வருடமாக ஸ்டோமா உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன், உங்கள் நான்கில் மூன்று எனக்குப் பிடிக்கவில்லை. விதி, சுமை என்று பொதுவாகப் புலம்பிவிட்டுக் கடைசி வரியில் சிரிப்பை ஒட்டியிருக்கிறீர்கள். ஸ்டோமாவையே காணோம். நான்காவது வேறு ஜாதி:

மௌன அஞ்சலிக்கு
எல்லோரும் எழுந்து நின்றோம்.
நீ மட்டும்
இரங்கல் உரை ஆற்றினாய்.

ஸ்டோமாவுக்குச் சுருக்குத் தசை கிடையாது, காற்றை அடக்க நம்மிடம் வழியில்லை. அதை விளக்காமலே சொல்லிவிட்டீர்கள். வாய்விட்டுச் சிரித்தேன்.

இப்படி இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. காலையில் வெறும் வயிற்றில், அது அடங்கியிருக்கும் நேரம் பார்த்துப் பையை மாற்றச் சொல்வார்கள். பழையதை உரித்து, தோலைத் துடைத்துக் காயவைத்து, புதியதைக் கையில் எடுக்கும் நொடிக்காகவே அது காத்திருக்கும். ராத்திரி காற்று நிறைந்து போர்வைக்குள் பை உப்பும். காற்றை வெளியேற்ற வைத்த கரி வடிகட்டி நனைந்தால் வேலை செய்யாது. ஸ்டோமாவோ தொட்டால் வலிக்காது, வாயின் உட்புறம் மாதிரி சிவந்து ஈரமாக இருக்கும், தானாக நெளியும். இத்தனை குணமுள்ள ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு விதியைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? பலர் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். (என்னுடையதன் பெயரைச் சொல்லமாட்டேன். அந்தப் பெயர்கொண்ட உறவினர் இதைப் படிப்பார்.)

அப்புறம், உங்கள் மனைவி. அறுவை அன்று உங்களுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள், வெளியே காத்திருந்தவருக்கு யாரும் கொடுக்கவில்லை. நீங்கள் சிரிக்கும் இடத்துக்கு அவர் மெதுவாக வரலாம், வராமலும் போகலாம். அவரைச் சிரிக்கவைக்கும் பொறுப்பைக் கவிதையின் தலையில் கட்டாதீர்கள். உங்களுக்கே சிரிப்பு வராத நாளும் உண்டு. பை கசிந்து தோல் புண்ணாகி எரியும்போது நான் கவிதை எழுதுவதில்லை, ஸ்டோமா செவிலியருக்குப் போன் செய்வேன்.

ஒரே ஒரு திருத்தம். அந்த நான்காவது கவிதைக்கு 'என் வலியின் குரல்' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். தலைப்பிலேயே அழுதுவிட்டால் கீழே வரும் சத்தம் யார் காதிலும் விழாது.

அன்புடன்.