மலேசியாவை யாராவது தாக்கினால் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் போருக்கு வந்தே ஆகவேண்டுமா?

கட்டாயமில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உறவுள்ள குடும்பங்கள் நிறைய. அதனால் இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது.

1957-ல் போட்ட ஆங்கிலோ-மலாயா ஒப்பந்தப்படி மலாயாவை (மலேசியாவின் முன்னோடி நாடு) காக்கும் பொறுப்பு பிரிட்டனுக்கு இருந்தது. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே, ஆசியப் பக்கம் இருந்த படைகளை அது விலக்கிக்கொள்ள முடிவெடுத்ததும், 1971 நவம்பரில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஐந்தும் 'ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு' (FPDA) என்ற தளர்வான ஏற்பாட்டுக்கு மாறின. மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ வெளியிலிருந்து தாக்குதல் வந்தால், மிரட்டல் வந்தாலும்கூட, ஐவரும் உடனே கலந்து பேசவேண்டும். அவ்வளவுதான் கடமை. சேர்ந்து செயல்படுவதா, தனித்தனியாகவா என்பது பேச்சுக்குப் பிறகு. உள்நாட்டுக் கலவரம் இதில் சேராது.

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணி ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு இதைவிட இறுக்கமானது. ஒருவர்மீதான தாக்குதல் எல்லோர்மீதானது. அங்கேயும் என்ன உதவி என்பதை அந்தந்த நாடே முடிவுசெய்யும்.

ஐந்து நாட்டு ஏற்பாட்டின் உயிர் மலேசியாவின் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலிய அதிகாரி தலைமையில் கூட்டுத் தலைமையகம் அங்கேதான். சிக்கல் வருவது மலேசியா-சிங்கப்பூர் உரசலால்: 1998-ல் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, மலேசியா ஒரு கூட்டுப் பயிற்சியிலிருந்தே விலகியது.