பிள்ளையின் பதற்றம், பெற்றோரின் ஜெபம்: கேள்வி பதில்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைக் குடும்பங்களின் கேள்விகளுக்கு, சபையைச் சேர்ந்த ஆலோசகர் ஒருவரின் பதில்கள்.

செங்காங்கிலிருந்து ஒரு தாய்: மகள் தொடக்கநிலை 6. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்க நெருங்க, காலையில் வயிற்றுவலி என்று அழுகிறாள். விசுவாசம் இருந்தால் பயம் வராது என்று சபையில் ஒருவர் சொன்னார். எங்கள் ஜெபத்தில் குறையா சிஸ்டர்?

குறையே இல்லை, சிஸ்டர். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது சங்கீதம் 56:3. பயப்படுகிற நாள் வரும் என்பதை சங்கீதக்காரனே ஒத்துக்கொள்கிறான். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் வியாகுலப்பட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பயப்படவே கூடாது என்று நாம் எப்படிச் சொல்வது?

அந்த வலி நடிப்பு அல்ல. பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகும், செரிமானம் தடுமாறும், வயிறு பிசையும். ஒருமுறை டாக்டரிடம் காட்டி, வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் காலையில் "பஸ் போயிடும், எழுந்திரு" என்று தொடங்காமல், கட்டிலில் உட்கார்ந்து முதுகில் கை வையுங்கள். "பயமா இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். மூச்சை இழுக்கும்போது மனதுக்குள் "நான் பயப்படுகிற நாளில்", மெதுவாக விடும்போது "உம்மை நம்புவேன்". இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். நாலைந்து முறை போதும்.

ஆனால் பள்ளிக்குப் போகட்டும், தாமதமானாலும் சரி. வீட்டில் நிறுத்தினால் இன்றைக்கு நிம்மதி, நாளைக்குப் பயம் இரட்டிப்பாகும். பள்ளி ஆலோசகரிடம் பேசி, முதல் அரைமணி நேரம் அவருடைய அறையில் இருக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, மனம் நோகாமல் கேளுங்கள். குடும்ப ஜெபத்தில் தினமும் "நல்ல மார்க் கொடும் ஆண்டவரே" என்று கெஞ்சுகிறோமே, அதைப் பிள்ளையும் கண்மூடிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆண்டவரும் அந்த 4 முதல் 32 வரையுள்ள பிஎஸ்எல்இ மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார் என்று அவள் எடுத்துக்கொள்வாள். அவளைத் தந்ததற்காக, அவள் காதில் விழும்படி நன்றி சொல்லுங்கள். மார்க்குக்கான ஜெபத்தைத் தனியறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசூனிலிருந்து ஒரு தந்தை: எட்டு வயது மகன் தினமும் படுக்கும்போது, "அப்பா, நீங்க செத்துடுவீங்களா?" என்று பத்துமுறை கேட்கிறான்.

ஒருமுறை அன்பாகப் பதில் சொல்லுங்கள், பிரதர்: "அப்பா நல்லா இருக்கேன், நாம எல்லாரும் ஆண்டவர் கையில இருக்கோம்." சாகவே மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மறுபடி கேட்டால், "பதில் உனக்குத் தெரியும்டா, பயம்தான் திரும்பக் கேக்குது" என்று சொல்லிப் பக்கத்திலேயே இருங்கள். ஒவ்வொரு முறையும் சமாதானம் சொன்னால் அடுத்த கேள்விக்குத்தான் தீனி. சாயங்காலம் பத்து நிமிடம் ஒதுக்கி, கவலைகளைத் தாளில் எழுதவிட்டு, கவலைகளை ஆண்டவர்மேல் வைக்கச் சொல்லும் 1 பேதுரு 5:7-ஐச் சேர்ந்து வாசித்து ஜெபியுங்கள். படுக்கைக்கு அந்தத் தாள் வர வேண்டாம்.

ஒரு தாய்: எனக்கே பதறுகிறது. பிள்ளைக்குத் தெரியாமல் மறைக்கவா?

மறைத்தாலும் தெரிந்துவிடும். "அம்மாவுக்கும் இப்போ படபடப்பா இருக்கு, கொஞ்சம் மூச்சு விட்டு ஜெபிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிச் செய்யுங்கள். பிள்ளையும் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும்.

ஜூரோங்கிலிருந்து ஒருவர்: மனநல மருந்து எடுப்பது அவிசுவாசமா?

இல்லை. பவுல் "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்று எழுதினார். சாக வேண்டுமென்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவைத் தூதன் கண்டிக்கவில்லை, எழுப்பிச் சாப்பிட வைத்தான். தூக்கமோ சாப்பாடோ பள்ளியோ வாரக்கணக்கில் கெட்டால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1771, எந்நேரமும். பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் காத்திருக்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767-ஐ அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. பாஸ்டரை அதற்கப்புறம் கூப்பிடலாம்.