வாங்காமல் விடுவது எப்போது பலிக்கும்? புறக்கணிப்பு பற்றிக் கேள்வி பதில்

நிறுவனத்தின் அரசியல் நிலைப்பாட்டுக்காகவோ அது வெளியிட்ட விளம்பரத்துக்காகவோ அதன் பொருளை வாங்காமல் நிறுத்துவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கோவையிலிருந்து: அண்ணே, வாரம் ஒரு ஹேஷ்டேக் ஓடுது. அதுல ஏதாவது நிறுவனத்தோட கல்லாவைத் தொட்டிருக்கா?

தொட்டிருக்கிறது. அண்மைக் காலத்தில் பலமாக அடிபட்டது அமெரிக்காவின் பட் லைட் பீர். 2023 ஏப்ரல் 1 அன்று டிலன் மல்வேனி என்ற திருநங்கை இன்ஸ்டாகிராமில் அதற்கு ஒரு சிறு விளம்பரம் செய்தார். வலதுசாரிகள் கொதித்தார்கள். மே மாதமே கடை விற்பனையில் மொடெலோ எஸ்பெஷல் என்ற இன்னொரு பீர் அதை முந்தியது. இரண்டாம் காலாண்டில் தாய் நிறுவனமான ஏபி இன்பெவின் அமெரிக்க வருவாய் 10.5 சதவீதம் இறங்கியது.

ஒரு திருநங்கை கையில் டின் இருந்ததற்காக எழுந்த கோபம் அது. அதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஏன் பலித்தது என்பதை எந்தப் பக்கம் நிற்பவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பட் லைட்டை விட்டவர் யாரும் பீரை விடவில்லை. அதே குளிர்பெட்டியில், ஒரு சாண் தள்ளி, ஏறக்குறைய அதே விலையில் கூர்ஸ் லைட்டும் மில்லர் லைட்டும் இருந்தன. தவிர, பீர் நாலு பேர் முன்னால் குடிப்பது. கையில் எந்த டின் என்று எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டு வாரம் கழித்து நிறுவனம் விட்ட அறிக்கையில் மல்வேனியின் பெயரும் இல்லை, மன்னிப்பும் இல்லை. எதிர்த்தவர்களும் ஆறவில்லை, ஆதரித்தவர்களும் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

நாகர்கோவில்: 2017ல பெப்சி, கோக் விக்க மாட்டோம்னு வணிகர் சங்கங்கள் அறிவிச்சாங்களே, ஏன் நிலைக்கல?

ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள், மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று சங்கங்கள் முடிவெடுத்தன. முடிவு நல்ல முடிவு. ஆனால் கடைக்குள் போய்ப் பாருங்கள். வாசலில் நிற்கும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் பல கடைகளில் குளிர்பான நிறுவனம் கொடுத்தது. அதில் வேறு நிறுவனத்தின் குளிர்பானத்தை வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அந்தச் சரக்கை நிறுத்தினால் ஃப்ரிட்ஜையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மார்ச் மாதத்தில் ஃப்ரிட்ஜ் போனால் தயிர், மோர் வியாபாரமும் போகும். சூப்பர் மார்க்கெட், தியேட்டர், பெரிய ஓட்டல் எல்லாம் சங்கத்துக்கு வெளியே. மளிகைக் கடையில் கிடைக்காதது எதிர்க் கட்டடத்தில் கிடைத்தது.

மாற்றுப் பொருள் இருந்தது. 1916 முதல் இருக்கும் காளிமார்க்கின் பொவண்டோவைப் பலர் தேடி வாங்கினார்கள். ஆனால் தேவை ஒரே வாரத்தில் ஏறினால் எந்த உள்ளூர் ஆலைக்கும் பாட்டிலும் வண்டியும் போதாது. இவ்வளவையும்விடப் பெரிய குறை, நிறுவனம் என்ன செய்தால் புறக்கணிப்பை நிறுத்துவோம் என்று யாரும் சொல்லாதது. தாமிரபரணித் தண்ணீர், உடல்நலம், உள்நாட்டுத் தொழில் மூன்றும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டன. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் உள்ள பெப்சி, கோக் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தரக் கூடாது என்ற இடைக்காலத் தடையை மதுரை உயர் நீதிமன்றக் கிளை நீக்கியது மார்ச் 2. புறக்கணிப்பு தொடங்கிய மறுநாள்! அந்த ஒன்றையே கோரிக்கையாக்கியிருந்தால் பிடி கிடைத்திருக்கும்.

சேலம்: பார்கோடு 890ல தொடங்கினா இந்தியப் பொருள்தானே?

இல்லை. அந்த எண்ணை, பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் பதிவு செய்து வாங்கினார்கள் என்பது மட்டுமே அதற்குப் பொருள். பொருள் எங்கே தயாரானது, முதலாளி யார் என்று அது சொல்லாது. பாக்கெட்டின் பின்புறம் தயாரிப்பவர், சந்தைப்படுத்துபவர் என்று இரண்டு பெயர் இருக்கலாம், இரண்டாவதைப் பிடியுங்கள். அது பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இயின் இணையதளத்தில் காலாண்டுதோறும் வரும் பங்குதாரர் பட்டியலில் புரமோட்டர், அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருப்பவர், என்ற வரியைப் பாருங்கள். இந்துஸ்தான் யூனிலீவரில் ஏறக்குறைய 62 சதவீதம் யூனிலீவர் குழுமத்திடம் இருப்பது அங்கேதான் தெரியும்.

வாட்ஸ்அப் பட்டியலை நம்பி இறங்காதீர்கள். ஹார்லிக்ஸ் 2020ல் கைமாறி யூனிலீவருக்குப் போனது. பழைய பட்டியலில் பழைய முதலாளிதான் இருப்பார். 2019ல் ஒரு விளம்பரத்துக்காக சர்ஃப் எக்செல் சோப்புத்தூள் மீது கோபப்பட்டவர்கள் மைக்ரோசாஃப்ட் எக்செல் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள்.

திருச்சி: அந்த சர்ஃப் எக்செல் விளம்பரத்தை எடுக்கல. தனிஷ்க் மட்டும் ஏன் பின்வாங்குச்சு?

முதலாவதில் ஹோலி நாளில் ஓர் இந்துச் சிறுமி முஸ்லிம் சிறுவனைச் சாயம் படாமல் தொழுகைக்குக் கொண்டுபோய் விடுகிறாள். 2020 அக்டோபரில் வந்த தனிஷ்க் நகைக்கடை விளம்பரத்தில் முஸ்லிம் குடும்பம் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிறது. இரண்டிலும் ஒரு தவறும் எனக்குத் தெரியவில்லை. வேறுபாடு வியாபாரத்தில் இருக்கிறது. சோப்புத்தூள் லட்சக்கணக்கான கடைகளில் சிதறிக் கிடக்கிறது. போய் நின்று மிரட்ட ஓர் இடம் கிடையாது. நகைக்கடைக்குக் கண்ணாடி முகப்பு உண்டு, உள்ளே ஊழியர்கள் உண்டு, தீபாவளி சீசன் வாசலில் நின்றது. ஊழியர் நலனையும் காரணமாகச் சொல்லித்தான் நிறுவனம் விளம்பரத்தை எடுத்தது. விற்பனை குறைந்து பணிந்தது வேறு, கல்லெறிக்குப் பயந்து பணிந்தது வேறு. இரண்டாவதைப் புறக்கணிப்பின் வெற்றி என்று எண்ணாதீர்கள்.

கிள்ளான், மலேசியா: அண்ணே, இங்க மெக்டொனால்ட்ஸை ரொம்பப் பேர் விட்டுட்டாங்க. அடி நம்ம ஊர்ப் பிள்ளைங்க வேலைக்குத்தானே விழுது?

முதல் அடி அங்கேதான், மறைக்க வேண்டியதில்லை. உங்கள் நாட்டில் கடைகளை நடத்துவது உரிமம் பெற்ற வேறொரு நிறுவனம். ஆனால் விற்பனையில் ஒரு பங்கு ராயல்டியாக அமெரிக்காவுக்குப் போகிறது. அந்த வழியாக வலி மேலே ஏறும். காசா போரின்போது இஸ்ரேலிய உரிமதாரர் அந்நாட்டுப் படைவீரர்களுக்கு இலவச உணவு கொடுத்ததில் கிளம்பிய எதிர்ப்பு, 2024 ஏப்ரலில் தலைமை நிறுவனம் அவரிடமிருந்த 225 கடைகளையும் திரும்ப வாங்க ஒப்பந்தம் போடும் வரை போனது. மலேசிய நிறுவனம், இஸ்ரேலுக்கு எதிராகப் புறக்கணிப்பு நடத்தும் பிடிஎஸ் மலேசியா இயக்கத்திடம் 60 லட்சம் ரிங்கிட் கேட்டு வழக்குப் போட்டு, பிறகு திரும்பப் பெற்றது. ஊழியரிடம் கத்தாமல், வாங்காமல் மட்டும் இருங்கள்.

சென்னை: வாங்காதீங்கன்னு எழுதினா வழக்கு வருமா?

வாங்காமல் இருப்பதும், காரணம் சொல்லிப் பிறரைக் கேட்டுக்கொள்வதும் கருத்துரிமை. கடைக்குப் போகிறவரை வழிமறித்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 126, பொருளைச் சேதப்படுத்தினால் 324. பொய்யான குற்றச்சாட்டைப் பரப்பினால் 356, அவதூறு. அதனால் ஆதாரத்தின் படத்தைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். விளம்பரம் ஆபாசமாகவோ புண்படுத்துவதாகவோ இருந்தால் விளம்பரத் தர நிர்ணயக் குழுவான ஆஸ்கிக்குப் புகார் செய்யலாம். பொய்யான வாக்குறுதி என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அதிகாரம் உண்டு.

யாழ்ப்பாணம்: ஐயா, எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க வேணும்?

பால்மாவைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக ஏழை நாடுகளில் விற்றதற்காக 1977ல் அமெரிக்காவில் நெஸ்லே மீது புறக்கணிப்புத் தொடங்கியது. கோரிக்கை அந்த விற்பனை முறையைப் பற்றியது மட்டுமே. 1981ல் உலக சுகாதார மன்றம் விதிமுறை வகுத்தது. 1984ல் நிறுவனம் அதற்கு இணங்குவதாக ஒப்புக்கொண்டதும் புறக்கணிப்பை நிறுத்திவைத்தார்கள். ஒப்புக்கொண்டபடி நடக்கவில்லை என்று கண்டு 1988ல் மறுபடி தொடங்கினார்கள். நீங்கள் தொடங்குவதானால் முதலில் பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் போடுங்கள்: ஒரு கோரிக்கை, பதிலுக்கு 30 நாள், இது நடந்தால் புறக்கணிப்பை நிறுத்துவோம் என்ற ஒரு வரி. கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்காரரிடம் போக வேண்டும். மாற்றுச் சரக்கு எங்கே கிடைக்கும் என்பதையும் அவருக்கு அதே நாளில் சொல்லிவிடுங்கள்.