Re: டோக்கன் பக்கம் டாக்பேக்கில் வேலை செய்யவில்லை (தக்கலை)

வணக்கம். ஆண்ட்ராய்டு போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கைப் பயன்படுத்தும் பார்வையில்லாத நோயாளிகள், உங்கள் கிளினிக்கின் டோக்கன் பக்கத்தில் தேதி தேர்ந்தெடுக்க முடியாமல் திரும்பிவிடுகிறார்கள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கேள்வியோடு போட்ட நிரலிலேயே (code) காரணம் இருக்கிறது: காலண்டர் கட்டங்கள் எல்லாம் வெறும் டிவ் (div), அதாவது பட்டன் என்ற அடையாளம் இல்லாத பொதுவான பெட்டி. டாக்பேக் "பதினான்கு" என்று மட்டும் வாசிக்கும். அது பட்டனா, எந்த மாதம், டோக்கன் மிச்சம் உண்டா, எதையும் சொல்லாது. நிறைந்த நாளைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

என்னைக் கேட்டால் காலண்டரையே எடுத்துவிடுங்கள். அடுத்த 7 நாளை ரேடியோ பட்டன்களாக (பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் பட்டன்) வைத்து, லேபிளில் "ஜூன் 14, சனி, காலை, டோக்கன் உண்டு" என்று முழுதாக எழுதுங்கள். ஒரு கிளினிக்குக்கு அது தாராளம்.

அடுத்த சிக்கல் ஓடிபி. மெசேஜுக்குப் போய், எண்ணைக் கேட்டு, மனதில் வைத்துத் திரும்புவதற்குள் நீங்கள் வைத்த 60 விநாடி கெடு தீர்ந்துவிடும். 5 நிமிடமாவது கொடுங்கள். ஆறு தனிப் பெட்டிக்குப் பதில் ஒரே பெட்டி, பேஸ்ட் செய்யவும் விடுங்கள். நேரம் முடிந்தாலும் நிரப்பிய விவரம் அழியக் கூடாது.

பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று டாக்பேக்குக்குச் சொல்லும் லாங் (lang) மதிப்பு ஆங்கிலமாக இருக்கிறது, தமிழாக மாற்றுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு (contrast) குறைந்தது 4.5:1 வேண்டும்.

"போனில் கூப்பிட்டு உறுதி செய்வோம்" என்பதோடு எஸ்எம்எஸ்ஸும் அனுப்புங்கள். காது கேளாதவர் அந்த அழைப்பை எடுத்து என்ன செய்வார்?

மாற்றியதும் டாக்பேக்கைப் போட்டு, திரையைப் பார்க்காமல் ஒரு டோக்கன் முழுதாக எடுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் நோயாளி ஒருவரையே, நேரத்துக்குக் கூலி கொடுத்து, சோதிக்கச் சொல்லுங்கள்.