மாசி வீதியில் ஒளிய முடியாது

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நாலு நாள் மதுரையில் தங்கப் போகிறேன். அண்ணா நகர் அமைதியாக இருக்கும் என்கிறார்கள், எனக்கோ ராத்திரியிலும் ஜேஜே என்றிருக்கும் இடம்தான் வேண்டும். எந்த ஏரியாவில் ரூம் போடலாம்? (வில்லாபுரத்தில் சித்தப்பா வீடு இருக்கிறது, அங்கே தங்கித்தான் பிளஸ் டூ படித்தேன். தெரிந்தால் விடமாட்டார்கள் என்பதால் சொல்லவில்லை.)

பதில்: ஏரியா கேள்விக்குப் பதில் லேசு. டவுன் ஹால் ரோடு, இல்லாவிட்டால் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. ரயிலை விட்டு இறங்கி நடந்தே போய்விடலாம், கோயிலும் நடை தூரம்தான், நடுராத்திரியில் பசித்தாலும் எங்காவது ஒரு பரோட்டாக் கல் சூடாக இருக்கும். திருக்கல்யாணத்துக்கு மறுநாள் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும், அன்றைக்கு ஆட்டோவை மறந்துவிடுங்கள். தூக்கத்தையும்.

சரி, அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். மாதம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. சித்தி காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்திருப்பார், உங்கள் பரீட்சைக்காக அந்த வீட்டில் டிவி ஓடியிருக்காது, அவர்களுக்குக் கடிதத்தில் கிடைத்த இடம் அடைப்புக்குறிக்குள்ளே! விடமாட்டார்கள் என்று குறை மாதிரி எழுதுகிறீர்களே தம்பி, படிக்கிற வயதில் அவர்கள் விட்டிருந்தால் எங்கே போயிருப்பீர்கள்?

லாட்ஜில் தங்குவதை நான் தப்பென்று சொல்லவில்லை. சின்ன வீடு, ஒரே பாத்ரூம், கூட நாலு பேர் என்றால் யாருக்கும் கஷ்டம்தான், தாராளமாக ரூம் போடுங்கள். ஒளிந்து வருவதுதான் தப்பு. அதுவும் மதுரையில், அதுவும் சித்திரையில்! கல்யாணத்துக்கு வந்த சனம் மீனாட்சிக்கே மொய் எழுதிவிட்டுப் போகிற ஊர் அது. தேரன்றைக்குச் சித்தி கூட்டத்தில் எதிரே வந்து நின்றால் என்ன சொல்வீர்கள், இப்போதுதான் இறங்கினோம் என்றா, கையில் ரூம் சாவியை வைத்துக்கொண்டு?

முதலில் போன் போடுங்கள், ரூம் அப்புறம். "லாட்ஜில்தான் தங்குகிறோம் சித்தப்பா, ஆனால் திருக்கல்யாணத்தன்று மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டில்" என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்வார், நாலு வார்த்தை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சித்தி தாலிக்கயிறு மாற்றும்போது உங்கள் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளட்டும். அப்படியே, மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் எந்த இடத்தில் நின்றால் பிள்ளைகளுக்கு அழகர் தெரிவார் என்று சித்தப்பாவிடமே கேளுங்கள். உங்களை அந்த வயதில் அவர்தானே கூட்டிப்போயிருப்பார்.